அண்ணன் கவிழ்த்த சீட்டு

கேள்வி:

ஐயா, நான் பொகவந்தலாவைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றில் இளைஞர் மன்றச் செயலாளர். சித்திரைப் புத்தாண்டுக்குக் கொழும்பிலிருந்தும் வெளிநாட்டிலிருந்தும் எங்கள் இளைஞர்கள் ஊருக்கு வரும்போது, மூன்று வருடமாக அணிகளுக்கிடையே போக்கர் சுற்றுப்போட்டி நடத்துகிறோம். எட்டு அணிகள், அணிக்கு நான்கு பேர். ஆளுக்கு ஆயிரம் ரூபாய் கட்டணம். அதில் பெரும்பகுதி வெல்லும் அணிக்குப் போகும். ஆட்கள் தோற்று வெளியேற வெளியேற மேசைகளைச் சேர்த்துக்கொண்டே போவோம். கடைசி மேசையில் யாருடைய ஆள் மிஞ்சுகிறாரோ அந்த அணிக்குக் கேடயம்.

சென்ற வருடம் கடைசி மேசையில் ஒரே அணியைச் சேர்ந்த அண்ணனும் தம்பியும் இருந்தார்கள். பிளைண்ட், அதாவது சீட்டு வருமுன் இருவர் கட்டாயம் வைக்கவேண்டிய சிப்ஸ் (பணத்துக்குப் பதிலான வில்லைகள்), 100, 200. அண்ணன் 3,000 என்று ஏற்றினார். தம்பி கையிலிருந்த 3,600ஐயும் தள்ளினார். மற்றவர்கள் விலகிவிட்டார்கள். அண்ணன் யோசிக்கவே இல்லை, சீட்டைக் கவிழ்த்து அவரும் விலகிவிட்டார். மண்டபத்தில் ஒரே கூச்சல். ஒலிபெருக்கியில் இருவரின் பெயரையும் சொல்லி அணியை நீக்கினோம். அன்றிலிருந்து அந்தக் குடும்பம் எங்களோடு பேசுவதில்லை. கோயில் திருவிழாவுக்கும் வரவில்லை. இந்த வருடம் போட்டியே வேண்டாம் என்கிறார் தலைவர். கள்ள ஆட்டத்தைக் கண்டுபிடிக்க ஒரு வழி சொல்லுங்கள்.

பதில்:

அன்புள்ள தம்பிக்கு,

உங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். இரண்டாவது முறை கையில் பென்சிலோடு.

தம்பி போட்டது 3,600. அண்ணன் போட்டது 3,000. பிளைண்ட் இரண்டும் 300. நடுவில் கிடந்தது 6,900. அதற்குப் போட்டிபோட அண்ணன் இன்னும் போடவேண்டியிருந்தது 600 மட்டுமே. பன்னிரண்டரைத் தடவைக்கு ஒரு தடவை வென்றாலே அவருக்கு நட்டமில்லை. போக்கரில் முதலில் கைக்கு வரும் இரண்டு சீட்டில் ஆக மோசமான கை என்று பேரெடுத்தது இனம் சேராத ஏழும் இரண்டும். ஆகச் சிறந்த கை இரண்டு ஏஸ். அந்த ஏழும் இரண்டும் இரண்டு ஏஸையே எதிர்த்து நின்றால்கூட நூற்றுக்கு ஏறக்குறைய 12 தடவை வென்றுவிடும். அப்படியானால், தம்பியிடம் என்ன இருக்கிறதென்று தெரியாத ஒருவர் கையில் எதை வைத்திருந்தாலும் அந்த 600ஐப் போட்டிருக்கத்தான் வேண்டும். 3,000 போட்ட பிறகு 600க்குப் பின்வாங்குவது, ஹட்டனில் ரயிலேறிக் கோட்டைக்கு டிக்கெட் எடுத்தவர் மருதானையில் இறங்கி வீட்டுக்குத் திரும்புவதைப் போன்றது.

ஆகவே அந்தச் சீட்டு தம்பிக்காகத்தான் கவிழ்ந்தது என்று நானும் நினைக்கிறேன். புதிதாக ஆடுபவர் பெரிய தொகையைக் கண்டு பயந்து இப்படிச் செய்வதும் உண்டு என்பதையும் சொல்லிவிடவேண்டும். அண்ணன் புதியவரா பழகியவரா என்று நீங்கள் எழுதவில்லை. பழகியவர் என்றே வைத்துக்கொள்வோம். அப்போதும் முதல் பிழை உங்களுடையதுதான்.

கோபப்படாதீர்கள். கேடயம் அணிக்கு, பணமும் அணிக்கு என்று நீங்கள்தான் வைத்தீர்கள். அதே அணியின் இரண்டு பேரை ஒரே மேசையில் கொண்டுபோய் உட்கார வைத்ததும் நீங்கள்தான். அண்ணனிடம் இருக்கும் சிப்ஸும் தம்பியிடம் இருக்கும் சிப்ஸும் ஒரே வீட்டு அரிசிதான், ஒரு பானையிலிருந்து இன்னொரு பானைக்குப் போகிறது. வெளியேறும் நிலையில் இருந்த தம்பியை அந்த ஒரு கை 6,900க்கு உயர்த்திவிட்டது. உங்கள் விதிப்படி அணிக்கு அதைவிட நல்ல காரியம் வேறில்லை. "ஒரே அணியினர் ஒருவருக்கொருவர் உதவக்கூடாது" என்று எங்காவது எழுதி ஒட்டியிருந்தீர்களா? கடிதத்தில் அப்படி ஒன்று இல்லை. எழுதாத விதியை மீறியவர்களைத்தான் ஒலிபெருக்கியில் பெயர் சொல்லி வெளியே அனுப்பியிருக்கிறீர்கள்.

இதில் நம் ஊருக்கென்று ஒரு சிக்கலும் இருக்கிறது. நமக்குச் சீட்டு என்றால் 304தான். தலவாக்கலைக்கு மேலே ஒரு லயத்தில், தோட்டத் தொழிலாளர் வரிசை வீட்டில், வளர்ந்தவன் நான். மழை பிடித்துவிட்டால் இஸ்தோப்பில் சாக்கை விரித்து நான்கு பேர் உட்கார்ந்துவிடுவார்கள். ஜாக்குக்கு 30, ஒன்பதுக்கு 20, ஏஸுக்கு 11, பத்துக்கு 10, ராஜாவுக்கு 3, ராணிக்கு 2. ஓர் இனத்துக்கு 76, நான்கு இனத்துக்கும் 304. கூட்டல் கணக்கை நான் பள்ளிக்கூடத்துக்குப் போகுமுன் அங்கேதான் படித்தேன். அந்த ஆட்டத்தின் உயிரே கூட்டாளிதான். எதிரே இருப்பவர் துரும்பு வைத்தால் அவருக்குப் புள்ளியைத் தூக்கிப் போடவேண்டும். போடாதவனைத்தான் திட்டுவார்கள். என் மாமா ஒருவர் ஜாக் வந்தால் இடது காதைச் சொறிவார். இது லயத்தில் எல்லோருக்கும் தெரியும் என்பது அவருக்கும் தெரியும் என்பதால், சில நாட்களில் ஜாக் இல்லாமலே சொறிவார்.

போக்கர் அதற்கு நேர் எதிர். அங்கே கூட்டாளி கிடையாது. ஒரு கையை ஒருவர்தான் ஆடவேண்டும், தன் நன்மைக்காக மட்டுமே ஆடவேண்டும் என்பதுதான் உலகமெங்கும் அடிப்படை விதி. அணிப் போட்டி என்று வந்ததும் இந்த இரண்டு ஆட்டமும் ஒன்றின்மேல் ஒன்று ஏறிக்கொள்கின்றன. 304இல் பழகிய கை போக்கர் மேசையிலும் கூட்டாளியைத் தேடும். அண்ணன் அன்று திருடவேண்டுமென்று உட்கார்ந்தாரா, பழக்கதோஷத்தில் தம்பியைத் தூக்கிவிட்டாரா என்று என்னால் சொல்ல முடியாது. உங்களாலும் முடியாது.

"கண்டுபிடிக்க வழி சொல்லுங்கள்" என்று கேட்கிறீர்கள். கண்டுபிடிப்பதில் எனக்கு நம்பிக்கை போய்விட்டது. ஏன் என்று சொல்கிறேன்.

உல்லாசக் கப்பல்களில் பல வருடம் ஆட்டக்காரர்களுக்குச் சீட்டுப் போடும் வேலை பார்த்தேன். பிறகு கொழும்பில் ஒரு கிளப்பில் போட்டி நடுவராக இருந்தேன். ஒரு நாள் கடைசிச் சீட்டும் திறந்தாகிவிட்டது. மேசையில் எல்லோருக்கும் பொதுவாகக் கிடந்த ஐந்து சீட்டில் மூன்று ஹார்ட்ஸ், ஜோடி எதுவும் இல்லை. இரண்டே பேர் மிச்சம், இருவரும் பழைய நண்பர்கள். முதலாமவர் பந்தயம் கட்டவில்லை. கடைசியாகப் பேசவேண்டிய பெரியவரும் கட்டாமல் சீட்டைத் திறந்தார். கையில் ஹார்ட்ஸ் ஏஸும் ஹார்ட்ஸ் ஒன்பதும். மேசையில் இருந்த மூன்றோடு சேர்ந்து ஐந்தும் ஒரே இனம். அந்த மேசையில் அதை வெல்லக்கூடிய கையே கிடையாது. வெல்லவே முடியாத கையை வைத்துக்கொண்டு கடைசி ஆளாக ஒன்றும் கட்டாமல் விட்டால், நண்பனைக் காப்பாற்றினார் என்றுதான் அர்த்தம். தண்டனைக்குரிய குற்றமாகவே பல இடங்களில் இதை வைத்திருக்கிறார்கள். நான் உடனே அவரைப் போட்டியிலிருந்து நீக்கினேன். கொஞ்ச நேரம் கழித்துத் தேநீர் மேசையில் பார்த்தேன், பிஸ்கட் பைக்கற்றில் இருந்த எழுத்தை மூக்குக்கு அருகில் வைத்துப் படித்துக்கொண்டிருந்தார். கண்ணாடியை வீட்டில் விட்டுவிட்டு வந்திருந்தாராம். ஒன்பதை டயமண்ட் என்று நினைத்துவிட்டார். தன்னிடம் வெறும் ஏஸ் மட்டும்தான் இருக்கிறது என்று பயந்து பேசாமல் இருந்திருக்கிறார். நான் மன்னிப்புக் கேட்டேன், பெருந்தன்மையாக ஏற்றுக்கொண்டார். அவருடைய நண்பர் மட்டும் அதற்குப் பிறகு அந்த வாசலை மிதிக்கவில்லை.

அன்றிலிருந்து இரண்டு வழக்கம் பிடித்துக்கொண்டேன். ஒன்று, நான்கு நிறச் சீட்டுக்கட்டு. ஸ்பேட்ஸ் கறுப்பு, ஹார்ட்ஸ் சிவப்பு, டயமண்ட் நீலம், கிளப்ஸ் பச்சை. மண்டபத்தில் வெளிச்சம் மங்கினாலும் குழப்பம் வராது. முடிந்தால் நீங்களும் அதையே வாங்குங்கள். மற்றது, ஒரே ஒரு கையை வைத்து ஒருவரைத் திருடன் என்று சொல்வதில்லை.

கொழுந்து நிறுக்கும் இடத்தை நினைத்துப் பாருங்கள். கணக்கப்பிள்ளை நல்லவரா கெட்டவரா என்று விசாரித்துக்கொண்டிருந்தால் விடிந்துவிடும். தராசின் முகம் கொழுந்து கொண்டுவந்த பெண்ணின் பக்கம் திரும்பியிருக்கிறதா, சாக்குக்கு எத்தனை கிலோ கழிக்கிறார்கள் என்று முன்கூட்டியே சொல்லியாயிற்றா, அதுதான் கேள்வி. போட்டியையும் அப்படித் திருப்பி வையுங்கள். உதவி செய்தால் இலாபம் இல்லை என்ற நிலை வந்துவிட்டால், உதவுகிறார்களா என்று மூக்கை நுழைத்துப் பார்க்கும் வேலை பெரும்பாலும் மிச்சம்.

உங்கள் எண்ணிக்கை இதற்கென்றே அமைந்தது போலிருக்கிறது. எட்டு அணி, அணிக்கு நான்கு பேர், முப்பத்திரண்டு பேர். நான்கு மேசை போடுங்கள், மேசைக்கு எட்டு நாற்காலி. ஒவ்வோர் அணியிலிருந்தும் ஒருவர் முதலாம் மேசை, ஒருவர் இரண்டாம் மேசை, இப்படியே நான்காவது வரை. எந்த மேசையிலும் ஓர் அணியின் ஆள் ஒருவர்தான் இருப்பார். யார் எந்த மேசை, எந்த நாற்காலி என்பதைச் சீட்டுக் குலுக்கி எடுங்கள், எல்லோர் கண்முன்னாலும். மேசைகளைச் சேர்க்கவே வேண்டாம். கேடு முழுக்க அந்தச் சேர்ப்பில்தான் வருகிறது. ஆட்கள் குறையக் குறைய நல்ல அணியின் ஆட்கள்தான் மிஞ்சுவார்கள், மிஞ்சியவர்கள் ஒரே மேசையில் வந்து சந்திப்பார்கள்.

ஒவ்வொரு மேசையும் தனக்குள்ளேயே ஆடி முடிக்கட்டும். கடைசியாக மிஞ்சுபவருக்கு 8 புள்ளி, அடுத்தவருக்கு 7, முதலில் வெளியேறியவருக்கு 1. நேரம் முடியும்போது இரண்டு மூன்று பேர் மிஞ்சியிருந்தால் சிப்ஸ் எண்ணிக்கைப்படி வரிசை. முதலிடத்துக்கு மட்டும் 50 என்று அள்ளிக் கொடுக்காதீர்கள். ஒவ்வோர் இடத்துக்கும் ஒவ்வொரு புள்ளி என்றிருந்தால், பக்கத்து அணி மச்சானுக்குச் சிப்ஸைத் தள்ளிவிடுகிறவர் தன் அணியின் புள்ளியை எடுத்துக் கொடுக்கிறார். அவருடைய அணித் தலைவரே அவரைக் கவனித்துக்கொள்வார். தோட்டத்தில் யாருக்கு யார் உறவில்லை? மேற்கணக்கு அணியில் பெண் கொடுத்தவர் இருப்பார், கீழ்க்கணக்கு அணியில் பெண் எடுத்தவர் இருப்பார். உறவை மேசையிலிருந்து பிரிக்க முடியாது, அணியைப் பிரிக்கலாம்.

இப்படி இரண்டு சுற்று ஆடுங்கள். இரண்டாவது சுற்றுக்கு மறுபடியும் குலுக்கி மேசையை மாற்றிவிடுங்கள். நான்கு மேசையும் ஒரே மணிக்குத் தொடங்கி ஒரே மணிக்கு முடியவேண்டும். ஒரு மேசை முந்தி முடிந்தால், அங்கிருந்து வந்தவர் அடுத்த மேசைக்காரர் காதில் கணக்கு ஓதுவார். முடிவு நெருங்கும்போது நேரத்தைக் கடத்துபவர்கள் உண்டு. மணி அடிக்கப் பத்து நிமிடம் இருக்கும்போது ஆட்டத்தை நிறுத்தி, மூன்று முதல் ஏழு வரை எழுதிய துண்டுகளில் ஒன்றை எடுங்கள். அத்தனை கைகள்தான் மிச்சம் என்று எல்லா மேசைக்கும் அறிவித்துவிட்டால், கடத்திப் பயனில்லை.

கடைசி மேசை இல்லாவிட்டால் சனங்கள் ஒத்துக்கொள்ளமாட்டார்கள் என்று சொல்லப்போகிறீர்கள். தெரியும். எனக்கும் கடைசி மேசை பிடிக்கும். அதற்கு அமெரிக்காவின் உலகப் போக்கர் தொடரில் 2016இல் கொண்டுவந்த வழியொன்றைக் கொஞ்சம் மாற்றி எடுத்துக்கொள்ளலாம். அங்கே அணிப் போட்டி என்றால் ஓர் அணிக்கு ஒரே நாற்காலி, ஒரே சிப்ஸ் குவியல். அணியினர் மாறி மாறி வந்து உட்கார்ந்து ஆடுவார்கள், ஒரு நேரத்தில் ஒருவர்தான். உதவி செய்ய மேசையில் இரண்டாவது ஆளே இல்லை! உங்கள் கடைசி மேசையில் எட்டு நாற்காலி, எட்டு அணி. இரண்டு சுற்றிலும் எடுத்த புள்ளியை நூறால் பெருக்குங்கள், அதுதான் அணியின் தொடக்கச் சிப்ஸ். நான்கு பேரும் இரண்டு முறையும் கடைசியாக வந்த அணிக்கும் 800 இருக்கும். நான்கு பேரும் இரண்டு முறையும் முதலாவதாக வந்தால் 6,400. எட்டு அணிக்கும் சேர்த்து எப்போதும் 28,800. எண்ணிக்கை பிசகினால் உடனே தெரிந்துவிடும். பிளைண்ட் 50, 100இல் தொடங்கலாம். நான்கு பேரும் குறைந்தது ஒரு சுற்று பிளைண்டாவது, அதாவது பிளைண்ட் மேசையை ஒரு தடவை சுற்றி வரும்வரையாவது, உட்கார்ந்து ஆடவேண்டும் என்று வையுங்கள். கை நடந்துகொண்டிருக்கும்போது ஆளை மாற்றக்கூடாது, பின்னால் நின்று யோசனை சொல்லவும் கூடாது.

இன்னொரு வகைக் கள்ளம் இருக்கிறது. மேசையில் கண்ணுக்குத் தெரியாது, அட்டவணையில் இருக்கும். 2012 இலண்டன் ஒலிம்பிக்கில் பெண்கள் இரட்டையர் பேட்மிண்டனில் நான்கு ஜோடிகளை வெளியேற்றினார்கள். சீனாவிலிருந்து ஒன்று, தென்கொரியாவிலிருந்து இரண்டு, இந்தோனேசியாவிலிருந்து ஒன்று. அவர்கள் செய்த குற்றம், தோற்கப் பாடுபட்டது. குழுவில் இரண்டாவதாக வந்தால் அடுத்த கட்டத்தில் வலுவான ஜோடியைச் சந்திக்காமல் தப்பலாம் என்று அட்டவணை காட்டிக்கொடுத்தது. வேண்டுமென்றே வலையில் அடித்தார்கள், எதிரே இருந்தவர்களும் வலையில் அடித்தார்கள். பார்க்க வந்த கூட்டம் ஊளையிட்டது. நான்கு ஜோடிகளையும் தண்டித்ததோடு நின்றிருந்தால் அடுத்த முறையும் அதுவே நடந்திருக்கும். இரண்டாவதாக வருபவர் யாரைச் சந்திப்பார் என்பதைக் குழு ஆட்டம் முடிந்தபிறகு குலுக்கி எடுப்பது என்று பிற்பாடு மாற்றினார்கள். தோற்றவருக்கு என்ன கிடைக்கும் என்று தெரியாதபோது யார் தோற்பார்கள்?

சதுரங்கத்திலும் இதே கதைதான். 1962இல் குராசாவோ தீவில், உலகப் பட்டத்துக்குச் சவால் விடுபவரைத் தேர்ந்தெடுக்கும் போட்டி. சோவியத் ஆட்டக்காரர்கள் பெட்ரோசியன், கெரெஸ், கெல்லர் மூவரும் தங்களுக்குள் ஆடிய 12 ஆட்டங்களையும் சமனில் முடித்தார்கள். தங்களுக்குள் களைக்காமல் மற்றவர்களோடு மட்டும் மோதினார்கள் என்று அமெரிக்காவின் பொபி ஃபிஷர் பகிரங்கமாகக் குற்றம் சாட்டினார். அதற்குப் பிறகு உலகச் சதுரங்கச் சம்மேளனம் அந்தக் கட்டத்தை எல்லோரும் எல்லோரோடும் ஆடும் முறையிலிருந்து, இருவர் மோதித் தோற்றவர் வெளியேறும் முறைக்கு மாற்றிவிட்டது. சமன் செய்துகொண்டே போனால் யாரும் மேலே போகமுடியாது.

இனி, சைகைகள். என் மாமாவின் காது மாதிரி. 1975இல் பெர்முடா தீவில் நடந்த உலகப் பிரிட்ஜ் சீட்டாட்டப் போட்டியில், கூட்டாளிகள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காதபடி மேசைக்குக் குறுக்கே முதல் தடவையாகத் திரை வைத்தார்கள். திரை தரைவரை போகவில்லை. இத்தாலிய ஜோடியொன்று மேசைக்கு அடியில் காலை மிதித்துச் சொல்லிக்கொள்கிறது என்று புகார் வந்தது. அதிகாரிகள் என்ன செய்தார்கள் தெரியுமா? மேசைக்கடியில் சின்னக் காப்பி மேசைகளைக் கொண்டுவந்து செருகினார்கள். ஜோடியைக் கண்டித்தார்கள், அந்த இத்தாலிய அணி அந்தப் பட்டத்தையும் வென்றது. சிரிப்பு வரும், ஆனால் காப்பி மேசை நல்ல யோசனை. காலை ஆட்டினாரா இல்லையா என்று சத்தியம் வாங்குவதைவிடக் கால் எட்டாமல் செய்துவிடுவது சுலபம். ஒரே அணியினர் ஒரே மேசையில் இல்லாத உங்கள் புதிய ஏற்பாட்டில் இந்தத் தொல்லையில் முக்கால்வாசி தானாகவே போய்விடுகிறது. மிச்சம் இருப்பது மேசைக்கு வெளியே நிற்பவர்கள். மேசையைச் சுற்றிக் கயிறு கட்டுங்கள், யாரும் ஆட்டக்காரரின் முதுகுக்குப் பின்னால் நிற்கக்கூடாது. தோற்றவர் உடனே கயிற்றுக்கு வெளியே போகவேண்டும். தொலைபேசிகளுக்கு வாசலில் ஒரு கொழுந்துக் கூடை வையுங்கள், இலக்கம் ஒட்டி வாங்கிக்கொள்ளுங்கள்.

மொழியைப் பற்றி ஒரு வார்த்தை. வெளிநாட்டுப் போக்கர் மண்டபங்கள் சிலவற்றில் மேசையில் ஆங்கிலம் மட்டும் பேசலாம் என்று விதி வைத்திருக்கிறார்கள். யாருக்கும் புரியாத மொழியில் இருவர் பேசிக்கொள்ளக்கூடாது என்பதுதான் அதன் நோக்கம். அதை அப்படியே இறக்கிவந்து நம் தோட்டத்தில் வைத்தால் பாதிப் பேர் ஊமையாக உட்கார்ந்திருப்பார்கள். உங்கள் அணிகளில் பக்கத்துக் கிராமத்துச் சிங்கள நண்பர்களும் இருப்பார்கள் என்று நினைக்கிறேன். மேசையில் இருக்கும் எட்டுப் பேருக்கும் புரிகிற மொழி எதுவோ அதுதான் அந்த மேசையின் மொழி என்று வையுங்கள். கை நடக்கும்போது எந்த மொழியிலும் சீட்டைப் பற்றிப் பேச்சு வேண்டாம். "நான் ராஜாவைத்தான் கவிழ்த்தேன்" என்று வெளியேறியவர் சொல்வதும் களவுதான், வேடிக்கைக்குச் சொன்னாலும்.

சீட்டுப் போடுபவர்கள் ஆட்டக்காரர்களாக இருக்கக்கூடாது. வேறு தோட்டத்திலிருந்து நான்கு பேரைக் கேளுங்கள், பள்ளிக்கூட ஆசிரியர்கள் கிடைத்தால் இன்னும் நல்லது. ஒருவர் தன் சிப்ஸ் அத்தனையையும் தள்ளி, இனிப் பந்தயம் கட்ட யாரும் இல்லை என்றானவுடன், இருக்கும் எல்லாச் சீட்டும் மேசையில் முகம் மேலாகத் திறக்கப்படவேண்டும். அனுபவமுள்ள நடுவர்கள் கைவிடாத விதி இது. வேண்டுமென்றே தோற்கிறவருக்குச் சீட்டை ஒளிக்க இடமில்லை. உங்கள் அண்ணன் தம்பி விஷயத்தில் இது உதவியிருக்காது, அண்ணன் போடாமலே கவிழ்த்துவிட்டாரே. அதற்காகத்தான் மேசைக்கு ஒரு குறிப்புப் புத்தகம். பெரிய கைகளை மட்டும் எழுதினால் போதும்: யார் எவ்வளவு போட்டார், யார் எப்போது விலகினார். ஒரு கை சாட்சியாகாது. மூன்று தடவையும் ஒருவர் அதே ஆளுக்கே விலகுகிறார் என்று புத்தகம் சொன்னால் அது வேறு கதை.

சீட்டு வரும் அதிர்ஷ்டத்தையும் சேர்த்தே ஒழித்துவிடும் இன்னொரு முறையும் இருக்கிறது, மேட்ச் போக்கர். 2009இல் சுவிட்சர்லாந்தின் லொசானில் தொடங்கிய சர்வதேசச் சம்மேளனம் ஒன்று இதை வளர்க்கிறது. எல்லா மேசையிலும் ஒரே சீட்டுகள்தான் விழும். முதலாம் மேசையின் மூன்றாம் நாற்காலிக்கு இரண்டு ராஜா வந்தால், மற்ற மேசைகளின் மூன்றாம் நாற்காலிக்கும் அதே இரண்டு ராஜா. அதே சீட்டை வைத்துக்கொண்டு யார் அதிகம் சம்பாதித்தார் என்பதற்குத்தான் புள்ளி. அழகான முறை. ஆனால் கையால் செய்தால் ஒவ்வொரு கைக்கும் நான்கு கட்டுகளை ஒரே வரிசையில் அடுக்கவேண்டும், அடுக்குபவர்களை ஓர் அறையில் பூட்டிவைக்கவும் வேண்டும். இந்த வருடம் அதில் இறங்காதீர்கள்.

பணத்தை எடுத்துவிடுங்கள். இதில் நான் பேரம் பேசமாட்டேன். பணம் வைத்து ஆடும் சூதைத் தடுக்க 1889இலேயே கட்டளைச் சட்டம் கொண்டுவந்த நாடு இது. அனுமதியில்லாமல் பொது மண்டபத்தில் கட்டணம் வாங்கி, அதையே வென்றவருக்குக் கொடுத்தால் உங்களைத் தேடி வருவது நடுவராக இருக்காது, பொலிஸாக இருக்கும். சட்டம் ஒருபுறம் இருக்கட்டும். ஆயிரம் ரூபாய் என்பது கொழுந்தெடுக்கும் ஒரு தாயின் ஒரு நாள் உழைப்பில் பெரும்பகுதி. முப்பத்திரண்டாயிரம் மேசையில் கிடந்தால் எந்த அண்ணனுக்கும் தம்பி நினைவு வரும். கேடயம் போதும். செலவுக்கு ஊரில் கடைக்காரர்களிடம் நன்கொடை கேளுங்கள்.

தண்டனை என்று வந்தால் படிப்படியாகப் போங்கள். முதலில் தனியே அழைத்து எச்சரிக்கை. அடுத்தது ஒரு சுற்று பிளைண்ட் ஆடாமல் உட்கார வைப்பது. அதற்கும் மேலே அந்தச் சுற்றின் புள்ளியை இழப்பது. அணியை நீக்குவது கடைசி, அதுவும் மூன்று பேர் உட்கார்ந்து குறிப்புப் புத்தகத்தைப் பார்த்து எடுக்கும் முடிவு. அந்த மூவரில் சம்பந்தப்பட்ட அணிக்காரர் யாரும் இருக்கக்கூடாது. இதையெல்லாம் ஒரு பக்கத்தில் தமிழிலும் சிங்களத்திலும் எழுதி, போட்டிக்கு முன்பே ஒவ்வோர் அணியின் நான்கு பேரிடமும் கையெழுத்து வாங்கிவிடுங்கள். ஒலிபெருக்கியைப் புள்ளி அறிவிக்க மட்டும் வையுங்கள். பட்டணத்துக் கிளப்பில் ஒருவரை நீக்கினால் அவர் வேறு கிளப்புக்குப் போவார். லயத்தில் அடுத்த வாசலும் அவருடைய வாசல்தான், காலையில் அதே குழாயடியில் தண்ணீர் பிடிக்கவேண்டும். நாளைக்கு அந்த வீட்டில் பெண் கேட்டுப் போகிறவர் காதில் "சீட்டில் களவெடுத்த குடும்பம்" என்றுதான் முதலில் விழும்.

அந்தக் குடும்பத்தைப் பற்றி நீங்கள் யோசனை கேட்கவில்லை. கேட்காவிட்டாலும் சொல்கிறேன். புத்தாண்டுக்கு முன் போய்ப் பாருங்கள். அண்ணன் செய்தது சரி என்று சொல்லவேண்டியதில்லை. விதி எழுதாமல் தண்டித்தது எங்கள் பிழை, பெயரை ஊர் கேட்கச் சொன்னது அதைவிடப் பெரிய பிழை, இவை இரண்டையும் சொன்னால் போதும். அண்ணனுக்கு ஆட்டம் நன்றாகத் தெரியுமென்றால், புதிய விதிகளை அவரிடம் காட்டி, இதில் எங்கே ஓட்டை இருக்கிறது என்று கேளுங்கள். என்னைவிட அவருக்கு நன்றாகத் தெரிந்திருக்கும். ஆட வந்தாலும் வராவிட்டாலும் அது அவர் விருப்பம்.

மன்றத்தார் எல்லோருமாகத் திரண்டு போகாதீர்கள், பஞ்சாயத்துக்கு வந்தது போலாகிவிடும். ஒருவர் போனால் போதும். அன்றைக்கு ஒலிபெருக்கியைப் பிடித்துப் பெயரை வாசித்தது யாரென்று உங்கள் கடிதத்தில் இல்லை. அவரை அனுப்புங்கள். நீங்களாக இருந்தால், நீங்கள் போங்கள்.